எஸ்தரின் ஐந்தாவது பாட்டு

"நாத்தங்கால்ல பொறந்துட்டு ஜாஸைப் பத்திப் பேசினா யாரு நம்புவா செல்வி?" என்று எங்கள் துறைத் தலைவி கேட்டார். தஞ்சாவூரில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் கல்லூரியில், ஆசிரியர் அறையில், எல்லாருக்கும் முன்னால். அவர் கேலி செய்யவில்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அதுவும் வயல்லேர்ந்து வந்த பாட்டுதான் மேடம். அமெரிக்காவுல பருத்திக் காட்டுல கெடந்த கறுப்பு ஜனங்க பாடினதுலேர்ந்து வளந்தது."

"அது பருத்தி. நீ நெல்லு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்தக் கோடை விடுமுறையில் பினாங்குக்குப் போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

பினாங்கில் எஸ்தர் என்று ஒரு பாடகி இருக்கிறார். மலேயா ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். ஹோட்டல் மேடைகளில் ஆங்கிலத்தில் ஜாஸ் பாடிப் பேர் வாங்கியவர். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. தட்டுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள்.

அதை நான் கேட்டது கல்லூரியில் சேர்ந்த பிறகு. ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஜெய்புன்னிசா நாகப்பட்டினத்துப் பெண். அவள் வாப்பாவுக்குப் பினாங்கில் கைலிக் கடை. ஒரு விடுமுறையில் அவள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வேறொருவர் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அங்கேதான் முதல் தடவை. சாப்பிட்டு முடித்ததும் ஜெய்பு அந்தத் தட்டைப் போட்டாள். நான்கு பாட்டுகளை மரியாதைக்காகக் கேட்டேன். ஐந்தாவது பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு ஆண் கூப்பிடுகிறான், "இதோ வருகிறேன்" என்று ஒரு பெண் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பாட்டு. ஆனால் இதோ வருகிறேன் என்கிற குரல் வர வேண்டிய இடத்தில் வருவதில்லை. டிரம் அடி விழுந்து, விழுந்த அடி அடங்கி, அதற்கப்புறம்தான் வருகிறது. ஒவ்வொரு அடியிலும் அப்படித்தான்.

எனக்கு அது புதிதில்லை. எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். என் அம்மா அஞ்சலை நடவு வரிசையில் முதல் அடி எடுத்துப் பாடுகிறவள். எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், அவள் ஓர் அடி பாட, வரிசை அதைத் திருப்பிப் பாடும். அடி முடிகிற இடத்தில் எல்லார் கையும் ஒன்றாகச் சேற்றுக்குள் இறங்கும். பாட்டு எப்படிப் போகிறதோ அப்படித்தான் கையும் போகும்.

கூலித் தகராறு பெரிதாகி, வரப்பெல்லாம் செங்கொடி நின்ற வருஷம் ஒன்று. ஆட்சி மாறியிருந்தது, மேடையெல்லாம் எங்களைப் பற்றிப் பேசினார்கள், வயலில் மட்டும் அதே மிராசுதார்தான். தாசில்தார் முன்னிலையில் ஒரு வழியாக ராஜியானது. கேட்ட கூலியைத் தர ஒப்புக்கொண்ட மிராசுதார், மொத்த வயலையும் ஒரே நாளில் நட்டுக் கரையேற வேண்டும் என்று ஒரு கொக்கி போட்டார். அம்மா வாதாடவில்லை. வயலில் இறங்கிப் பாட்டை இழுத்தாள். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு மூச்சு நிறுத்தினாள். வரிசையில் எல்லார் கையும் நாற்றோடு காற்றில் நின்றன.

வரப்பில் குடை பிடித்து நின்ற, மிராசுதாரின் காரியக்காரருக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏய் அஞ்சலை, பாட்டு என்ன நொண்டுது?" என்று கத்தினார்.

"அதுக்கும் வயித்துல ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அம்மா.

பொழுது சாய்ந்தபோது பாதி வயல் வெறும் சேறாகக் கிடந்தது. யாரும் சும்மா இருந்தார்கள் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. எல்லாரும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். மறுநாளும் கூலி கொடுத்துத்தான் மிராசுதார் மீதியை நட வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பையோடு வரப்பில் நின்று அதைப் பார்த்தவள் நான்.

அதனால் ஐந்தாவது பாட்டைக் கேட்டதும், இது எங்கள் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கோடையில் போவதென்று முடிவானதும் எஸ்தருக்கு எழுதினேன். தமிழிலேயே பதில் வந்தது. "வந்தால் பார்க்கலாம். தட்டை இப்போது கேசட்டாகப் போடுகிறார்கள். இடம் போதவில்லை, ஒரு பாட்டை எடுத்தாக வேண்டும். நீ எழுதியிருக்கும் அந்த ஐந்தாவது பாட்டைத்தான் எடுக்கப் போகிறார்கள். அதைப் பற்றிப் பேச வராதே, வேறு எதற்காவது வா."

நான் அதைப் பற்றிப் பேசத்தான் போனேன்.

கப்பலில் ஜெய்புவும் கூட வந்தாள். வாப்பாவுக்குக் கடையில் ஒத்தாசையாக இருக்கப் போகிறாள். அவள் உம்மா கட்டிக்கொடுத்த தம்ரூட் இனிப்பும் இறால் வாடாவும் முதல் நாளே தீர்ந்துவிட்டன. அதற்கப்புறம் கப்பல் சமையலறைப் பருப்பும் சோறும். சோறு எங்கள் ஊர் அரிசியாக இருக்க வேண்டும், அதை வேண்டுமென்றே கெடுத்திருந்தார்கள். கடல் எனக்கு ஒத்துக்கொண்டது. ஜெய்புவுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஏறிய குடும்பம், அவள் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். "வயக்காட்டுக்காரி நீ நல்லா திங்கிறே, மரைக்கார் வூட்டுப் பொண்ணு நான் கெடக்குறேன். வெளிய சொல்லிடாதே" என்றாள்.

எஸ்தரிடம் கையெழுத்து வாங்க ஜெய்பு வீட்டுத் தட்டை எடுத்துப் போயிருந்தேன். எங்களுக்குப் பக்கத்துப் பாயில் நாகூர் மாமி ஒருவர் மகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். அருமையான மனுஷி. ஒரு காலையில் நான் மேல்தளத்துக்குப் போய்விட்டு இறங்கி வந்தபோது, எஸ்தரின் முகத்தின்மேல் கொதிக்கக் கொதிக்க ஒரு டீக் கெட்டில் உட்கார்ந்திருந்தது.

"மாமி!" என்றேன்.

"என்ன புள்ளே? சதுரமா, சப்பட்டையா இருந்திச்சு. சூடு இறங்காம இருக்க நீ கொண்டாந்த அட்டையின்னுல்ல நெனச்சேன்."

உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தட்டு, பொரித்த அப்பளம்போல ஒரு பக்கம் எழும்பி நின்றது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெய்பு வாளியிலிருந்து தலையைத் தூக்கி, "வுடுங்க மாமி. பாட்டு ஏற்கெனவே சூடாத்தான் இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பினாங்கில் இறங்கிய அன்று நான் கண்ட முதல் அதிசயம், அங்கே என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள், நன்னிலம் என்றால் தலையாட்டினார்கள். ஜெய்புவின் வாப்பா கப்பலடிக்கே வந்திருந்தார். தட்டின் கதையைக் கேட்டு, "கெட்டிலைத்தானே வச்சாங்க, அடுப்பையா வச்சாங்க" என்று சிரித்தார். "பசியாறிட்டுப் பேசுவோம்" என்று கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். சோற்றின்மேல் நாலு விதக் குழம்பை ஒன்றோடொன்று கலந்து ஊற்றினார்கள். எங்கள் ஊரில் அப்படி ஊற்றினால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இங்கே அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்று, இரண்டாம் முறையும் வாங்கினேன்.

அன்று மாலை, எஸ்தர் முன்பு பாடிய ஹோட்டலுக்கு வாப்பா எங்களைக் கூட்டிப் போனார். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொண்டார். மேடையில் ஒரு சீனப் பெண் பாடினாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். பாட்டுக்கு இடையே எங்கள் மேஜைக்கு வந்தபோது எஸ்தரைத் தெரியுமா என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அந்தத் தட்டு வருவதற்கு முன்னால் இங்கே எல்லாரும் அமெரிக்கக்காரிகள் மாதிரி மூக்கால் பாடினோம். அவர்கள் தும்மினால் நாங்களும் தும்முவோம். எஸ்தர் தன் வாயால் பாடினார். ஓ, இப்படியும் செய்யலாமா என்று எங்கள் டீச்சருக்குத் தோன்றியது. டீச்சர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்."

"ஐந்தாவது பாட்டு?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அதை மட்டும் யாரும் பாடுவதில்லை. முயற்சி செய்து பார்த்தேன். டிரம்ஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது."

மறுநாள் எஸ்தர் வீட்டுக்குக் கிளம்பினோம். தீவிலிருந்து படகில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து வடக்கே பஸ். பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊர் பஸ் நின்றால் எல்லாரும் இறங்கி டிரைவருக்கு யோசனை சொல்வார்கள். இங்கே இறங்கி நிழலில் நின்று அவரவர் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாலையின் இரு பக்கமும் நெல்வயல். கண்ணுக்கெட்டிய வரை வயல், நடுவில் தென்னை, அதே பச்சை. ஒரு நிமிஷம் திருவாரூர் சாலையில் நிற்பதாக நினைத்தேன். மலாய்ப் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு கவைக்குச்சி, அதில் நாற்றை மாட்டிச் சேற்றில் குத்துகிறார்கள். குனிவது எங்களைவிடக் குறைவு. பாட்டுச் சத்தம் இல்லை.

"இறங்கி ஒரு கை பாரேன்" என்றாள் ஜெய்பு.

"எம்.ஏ. படிச்சதே இறங்காம இருக்கத்தான்" என்றேன். ஆனால் கை துறுதுறுத்தது.

கண்டக்டர் வயதான மலாய்க்காரர். நாங்கள் எஸ்தரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாப்பாவிடம் மலாய் கற்றிருந்த ஜெய்பு அவர் பேச்சை மொழிபெயர்த்தாள். "அந்தத் தட்டு என் கல்யாணத் தட்டு. ஆட முடியாது, உட்கார்ந்து கேட்கத்தான் முடியும். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்." பஸ் கிளம்பியது. எங்கள் நிறுத்தம் வந்தபோது, இறங்க வேண்டிய தெருவரை கையைக் காட்டி விளக்கிவிட்டுத்தான் விசில் ஊதினார்.

கதவைத் திறந்தவர் கைலி கட்டி, தலைமுடியைச் சுருட்டும் ஊசிகளோடு, கையில் கரண்டியுடன் நின்றார். "பசியாறியாச்சா?" என்றார்.

"வணக்கம்மா, நான் தமிழ்ச்செல்வி, நன்னிலத்துலேர்ந்து..."

"அக்கான்னு கூப்பிடு. மேடையில நிக்கிறவளுக்கு வயசு கிடையாது லா." அந்த 'லா' மலேயாத் தமிழ்.

நெத்திலி வறுவலும் சோறும் போட்டார். வீட்டில் பாட்டுப்பெட்டியே இல்லை. கேட்டதற்கு, "என் குரலை நானே வீட்ல கேக்குறதா? அது வேலை. தச்சன் ராத்திரி நாற்காலியைப் பார்த்துக்கிட்டா உட்கார்ந்திருப்பான்?" என்றார். வளைந்த தட்டைக் காட்டினேன். உறையில் தன் முகத்தின்மேல் கெட்டில் வைத்த வட்டத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பரவால்ல, ஒரு வேளையாவது உபயோகமா இருந்திருக்கேன்."

ஐந்தாவது பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று எழுதியிருந்தவரிடம் அதைத்தான் பேசினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது தப்பும்மா. பதிவு அன்னிக்கு டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்து முழிக்கிறான். முடிஞ்சதும் இன்னொரு தடவை எடுக்கலாம்னேன், நேரம் போயிருச்சுன்னாங்க. அன்னிலேர்ந்து எல்லாரும் கேக்குறாங்க, ஏன் லேட்டு, ஏன் லேட்டு. கேசட் போடுற லிம் ஒரு பாட்டை எடுக்கணும்னதும், இதை எடுத்துருன்னு நான்தான் சொன்னேன்."

கம்பெனிக்காரர் வெட்டுகிறார் என்று நினைத்து வந்திருந்தேன். வெட்டச் சொன்னதே அவர்தான்.

"அது லேட் இல்லக்கா" என்றேன். அம்மாவின் கதையைச் சொன்னேன், வரப்பு, குடை, காற்றில் நின்ற கைகள் எல்லாவற்றையும். கடைசியில், "உங்கம்மாவும் எங்க பக்கத்துலேர்ந்து வந்தவங்கதானே? அவங்க நடவுப் பாட்டைக் கேட்டுத்தானே உங்களுக்கு அது வந்திருக்கும்?" என்று முடித்தேன். கப்பலில் வரும்போதே மனத்துக்குள் கட்டுரையாக எழுதிவைத்த வாதம் அது. நடவுப் பாட்டு கடல் தாண்டிப்போய் ஜாஸ் ஆயிற்று. தலைப்புகூட ரெடி.

எஸ்தர் தலையை ஆட்டினார். "எங்கம்மா நன்னிலத்துப் பக்கம்தான். ஆனா அவ பாடினதே இல்லை. தாலாட்டு கூட இல்லை. நெல்லு நட்டாளா இல்லையா, அதையும் சொன்னதில்லை. இங்க மரம் சீவுற வேலை. ஆளுக்கொரு வரிசை மரம், இருட்டுல, தனியா. யாரோட சேர்ந்து பாடுவே?"

என் கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. ஜெய்பு என்னைப் பார்க்காமல் நெத்திலியைப் பார்த்தாள். ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது கட்டுரைக்காக மட்டும் இல்லை. அந்தப் பாட்டு போய்விடக் கூடாது.

"அப்ப ஒரு தடவை கேளுங்க" என்றேன்.

"எதுல கேக்குறது? உன் அப்பளத்துலயா?"

"என் வாயில."

எனக்குக் குரல் கிடையாது. அம்மாவின் குரலில் எனக்கு வந்தது சத்தம் மட்டும்தான். ஆனால் அந்தப் பாட்டின் ஒவ்வொரு இடமும் தெரியும். ஜெய்பு தகர மேஜையில் டிரம் அடியைத் தட்டினாள். நான் பாடினேன். கூப்பிடுகிறான், அடி விழுகிறது, அடங்குகிறது, இதோ வருகிறேன். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். என் வலது கை தானாகப் போய்க்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

"கை என்ன பண்ணுது?" என்றார் எஸ்தர்.

கண்ணைத் திறந்தேன். "நடுது."

"இன்னொரு தடவை பாடு."

பாடினேன். இந்தத் தடவை அவர் பார்த்தது என் கையை, பிறகு மேஜையைத் தட்டிய ஜெய்புவின் விரல்களை. முடிந்ததும், "நீ லேட் இல்லையே" என்றார்.

"நீங்க பாடினதைத்தான் அப்படியே பாடினேன்."

அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்.

"தோட்டத்துல காலையில பெரட்டுன்னு ஒண்ணு உண்டு. ஆளெண்ணுறது. எல்லாரும் வரிசையில நிக்கணும், கங்காணி ஒவ்வொரு பேரா கூப்பிடுவான். கூப்பிட்ட உடனே 'இருக்கேன்யா'ன்னு கத்தணும். எங்கம்மா கத்த மாட்டா. ஒரு மூச்சு விடுவா. அப்புறம்தான் 'இருக்கேன்'பா. அதுக்கு மேல நேரம் போனா ஆளில்லைன்னு எழுதிருவான், கூலி போச்சு. அதனால ஒரே ஒரு மூச்சு. அவனுக்கு எரியும், ஆனா ஒண்ணும் சொல்ல முடியாது. நான் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன். ஏம்மா இப்படிப் பண்றேன்னு ஒரு நாள் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கூப்பிட்ட உடனே சொன்னா அந்தப் பேரு அவனோடது. மூச்சு விட்டுட்டுச் சொன்னா என்னோடதுன்னா." எஸ்தர் உறையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். "அந்தப் பாட்டுல ஒருத்தன் கூப்பிடுறான்ல. நான் யோசிச்சுப் பாடலை. என் வாய் அவ மாதிரி பதில் சொல்லியிருக்கு."

திரும்பும் பஸ் ஒழுங்காக ஓடியது. வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எஸ்தரின் தாய் அந்த மூச்சை எங்கள் வயலிலிருந்து எடுத்துப் போனாளா, தோட்டத்தில் தானே கண்டுபிடித்தாளா, தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான்: குடையோடு ஒருவன் வரப்பில் நின்ற இடத்தில் என் அம்மா செய்ததும், பெயர்களோடு ஒருவன் நின்ற இடத்தில் அவர் அம்மா செய்ததும் ஒரே வேலை. அந்த வேலை ஒரு தட்டில் ஏறியிருக்கிறது. தமிழ்ப் பெண் ஆங்கிலத்தில் பாடினாள் என்பது பெருமைதான், ஆனால் அது சின்னப் பெருமை. யார் கூப்பிட்டாலும் எப்போது பதில் சொல்வது என்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒருத்தி பாடினாள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சீனப் பெண் தன் வாயால் பாடுவதும், ஒரு மலாய்க்காரர் ஆடாமல் உட்கார்ந்து கேட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த நாள் எஸ்தர் தீவுக்கு வந்தார். மூவருமாக லிம்மின் கம்பெனிக்குப் போனோம். கம்பெனி என்றால் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறை. லிம் நல்ல மனிதர், கெட்டிப் பால் ஊற்றிய காபி கொடுத்தார். ஒலிநாடா இயந்திரத்தில் ஏற்றித் தயாராக இருந்தது.

"ஐந்தாவதுதானே எடுப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எஸ்தர்?"

எஸ்தர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு. கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார்கள்.

"இருக்கேன்" என்றார், தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "ஐந்தாவது இருக்கட்டும். ஏழாவதை எடு. அதில் நான் வேறு யாரோ மாதிரிப் பாடியிருக்கிறேன்" என்றார்.

லிம் காபியைக் கீழே வைத்தார். "ஏழாவதுதான் விற்கும். ஐந்தாவதைப் போட்டால் கேசட் பழுது என்று கடைக்குத் திரும்பி வரும். பாட்டு தாளத்தில் இல்லை என்பார்கள். நானும்தான் சொல்வேன்."

எஸ்தர் என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்ததெல்லாம் வரப்பும் குடையும். லிம்முக்கு அது எதற்கு? வாயைத் திறந்தவள் ஜெய்பு.

"எங்க கடையில கைலியில நூல் முடிச்சு இருந்தா பழுதுன்னு திருப்பிக் கொண்டாருவாங்க. வாப்பா ஒரு சீட்டு ஒட்டினாங்க, இது கைத்தறி, முடிச்சு இருக்கும்னு. இப்ப முடிச்சு எங்கேன்னு தேடிப் பார்த்து வாங்குறாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "எழுதுடீ சீட்டை" என்றாள்.

லிம் சிரித்துவிட்டார். வியாபாரிக்கு வியாபாரி பேச்சு புரிகிறது. அங்கேயே அவர் மேஜையில் உட்கார்ந்து ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்து, நீளம் என்று எல்லாவற்றையும் அடித்தார். இரண்டு வாக்கியங்கள் மட்டும் தப்பின. நான் ஊர் திரும்புமுன்பே வெளிவந்துவிட்ட கேசட்டின் உறையில் இப்போது அப்படித்தான் அச்சாகியிருக்கிறது: 'ஐந்தாவது பாட்டில் எஸ்தர் தாமதமாக வரவில்லை. எப்போது பதில் சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கிறார்.' கீழே என் பெயர், ஊர் நன்னிலம் என்று.

நான் ஊர் திரும்பியபோது ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. வாய்க்காலெல்லாம் ஓடியது, வயலில் ஆளில்லை. குறுவை நடவுக்கு மறுபடியும் கூலித் தகராறு. நன்னிலம் சாலையில் புளியமரத்து நிழலில் போலீஸ் வண்டி நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பேச்சு. வீட்டில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெய்பு தம்பியின் டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. நான்கு பாட்டு ஓடும்வரை கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தாவது பாட்டில் கை நின்றது.

"எவனுக்கோ பதில் சொல்றா. புடிக்காதவன் போலருக்கு" என்றாள்.

கல்லூரி திறந்ததும் துறைத் தலைவியிடம் கேசட்டைக் கொடுத்தேன். உறையில் என் பெயரை இரண்டு தடவை படித்தார். இலக்கிய மன்றத்தில் எஸ்தரின் முதல் தட்டைப் பற்றி ஒரு கூட்டம் போட வேண்டும், பெரிய ஹால் வேண்டும் என்றேன்.

"யார் பேசறா?"

"நானும் எங்கம்மாவும்."

"உங்கம்மாவா?" என்றார். கேசட்டை மேஜைமேல் வைத்தார். "மைக் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"

"ரெண்டு மேடம்."

அம்மாவை இசைய வைப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "காலேஜுல வந்து நான் என்னத்தடி சொல்றது?"

"பாட்டை எப்படி இழுப்பேன்னு பாடிக்காட்டும்மா. மத்ததை நான் சொல்லிக்கிறேன்."

"அதுன்னா வர்றேன். கூலி பேசி முடியற வரைக்கும் சும்மாதானே கெடக்குறேன்." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "ஆனா ஆரம்பிங்க ஆரம்பிங்கன்னு உங்க டீச்சருங்க யாரும் கையைத் தட்டக் கூடாது. நான் எடுக்குறப்பதான் எடுப்பேன்."

நேற்று நோட்டீஸ் எழுதிக் கல்லூரிப் பலகையில் ஒட்டிவிட்டேன். எஸ்தர் பெயர் மேலே, அம்மா பெயர் நடுவில், என் பெயர் கீழே. கிழமை போட்டிருக்கிறேன். தொடங்கும் நேரம் என்ற இடத்தில், அஞ்சலை எடுக்கும்போது என்று எழுதியிருக்கிறேன்.